ஃபாதரைக் கேளு

போன மாதம் எங்கள் பங்கில் ஒரு கூட்டம் நடந்தது. தலைப்பு, ‘இளையோரும் விசுவாசமும்’. மேடையில் ஐந்து பேர். நான்கு பேருக்கு அறுபதைத் தாண்டிய வயது. ஐந்தாவது ஆள் நான், எனக்கு 27. இளையோரைப் பற்றிய கூட்டத்தில் ஓர் இளைய முகமாவது தெரிய வேண்டும் என்று யாருக்கோ தோன்றியிருக்க வேண்டும். வரவேற்புரை என்னுடையது. மூன்று நிமிடம்.

அதற்குப் பிறகு ஒரு பெரியவர் எழுந்தார். “நாங்கல்லாம் அந்தக் காலத்துல தோட்டத்துலேருந்து மூணு மைல் நடந்து பூசைக்குப் போவோம். இப்ப வீட்டு வாசல்ல காடி நிக்குது. ஆனா ஞாயித்துக்கிழமை காலைல பிள்ளைங்கள எழுப்ப முடியல.” கைதட்டல். அடுத்தவர் ஒரு தாளை எடுத்து எண்ணிக்கை வாசித்தார். தமிழ்ப் பூசைக்கு வருகிற இளைஞர்கள் இத்தனை பேர், அன்பியக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் இத்தனை பேர், பாடகர் குழுவில் முப்பது வயதுக்குக் கீழே யாருமே இல்லை. மூன்றாமவர் அதைத் தொகுத்துச் சொன்னார்: “இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு விசுவாசம் குறைஞ்சு போச்சு.” நான்காமவர் ஜெபம் சொல்லி முடித்து வைத்தார். பிறகு மீகூனும் தேநீரும்.

வரவேற்புரைக்கு அழைக்கப்பட்டவள் மறுப்புரை சொல்ல முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில், அந்தத் தாளில் இருந்த எண்ணிக்கை பொய்யில்லை. தமிழ்ப் பூசையில் என் வயதுக்காரர்கள் குறைவுதான். அவர்களில் பாதிப் பேர் மாலையில் ஆங்கிலப் பூசையில் இருக்கிறார்கள் என்பதை அந்தத் தாள் சொல்லவில்லை. ஏன் அங்கே போகிறார்கள் என்றால் அவர்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆறு வயதிலிருந்து தேசியப் பள்ளியில் படித்தவர்கள். திரையில் ஓடும் தமிழ்ப் பாடலை ரோமன் எழுத்தில் போட்டால்தான் பாட முடியும். எந்தப் பள்ளிக்கு அனுப்புவது என்று முடிவெடுத்தவர்கள் மேடையில் உட்கார்ந்திருந்த அந்தத் தலைமுறைதான். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பிழைப்பு அப்படி. ஆனால் அதற்குப் பெயர் விசுவாசக் குறைவு என்று சொன்னால் எரிச்சல் வருகிறது.

இதைவிடப் பெரிய சிக்கல், விசுவாசம் என்று எங்கள் கையில் எதைக் கொடுத்தார்கள் என்பது.

என் அம்மா ஒரு நீல நிற பிளாஸ்டிக் கோப்பு வைத்திருக்கிறார். அதில் என் பிறப்புப் பத்திரம், யுபிஎஸ்ஆர், எஸ்பிஎம் தாள்கள். அதே கோப்பில் என் ஞானஸ்நானப் பத்திரமும் புதுநன்மைப் பத்திரமும் உறுதிப்பூசுதல் பத்திரமும். எல்லாம் ஒரே வரிசையில். நாளைக்குக் கோயிலில் கல்யாணம் என்றால் இந்தத் தாள்களைக் கேட்பார்கள், அதனால் பத்திரம் என்பார். முதலாம் ஆண்டிலிருந்து ஐந்தாம் படிவம் வரை பதினொரு வருடம் ஞாயிறு தவறாமல் மறைக்கல்வி வகுப்பு. ஏழு அருட்சாதனங்கள், பத்துக் கட்டளைகள், தூய ஆவியின் ஏழு கொடைகள். வரிசை மாறாமல் ஒப்பிக்க வேண்டும். ஆண்டு இறுதியில் பரீட்சை. ஒரு வருடம் 92 வாங்கினேன். விசுவாசத்தில் எனக்கு ஏ.

பிறகு உறுதிப்பூசுதல். எங்கள் வகுப்பில் 23 பேர். புது உடை, பேராயர், நெற்றியில் எண்ணெய், மண்டபத்தில் பஃபே, குடும்பத்தோடு புகைப்படம். நாங்களே அதை ‘கான்வோ’ என்றுதான் சொல்லிக்கொள்வோம். அடுத்த ஞாயிறு வந்தவர்கள் 9 பேர். பட்டம் வாங்கியவன் மறுபடி ஏன் பல்கலைக்கழகத்துக்குப் போகிறான்? படிப்பைப் போல நடத்தினார்கள், படிப்பைப் போல முடித்துக்கொண்டோம். அந்த 14 பேரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் அந்த ஒன்பதில் ஒருத்தி. நல்ல பிள்ளை என்பதால் எனக்கும் ஒரு வகுப்பைக் கொடுத்தார்கள். 2019இல், எனக்கு 21 வயது. நான்காம் படிவப் பிள்ளைகள். அன்றைக்குப் பாடம் ஐந்தாம் கட்டளை, கொலை பற்றியது. கடைசி வரிசையில் எப்போதும் பேசாமல் உட்கார்ந்திருக்கும் பையன் கையைத் தூக்கினான்.

“அக்கா, தானாவே உயிர விட்டவங்க நேரா நரகத்துக்குத்தான் போவாங்களா?”

யாரோ ஒருவன் சிரித்தான். கேட்டவன் சிரிக்கவில்லை. அவன் அப்பா மூன்று வருடத்துக்கு முன்னால் இறந்திருந்தார். மாரடைப்பு என்று சொல்லித்தான் எடுத்தார்கள். அது மாரடைப்பு இல்லை என்று பங்கு முழுவதற்கும் தெரியும். எனக்கும் தெரியும். அவன் அம்மா அன்றிலிருந்து நற்கருணை வாங்க வரிசையில் வருவதில்லை, கடைசி பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டுப் போய்விடுவார் என்பதும் தெரியும்.

நான் சொன்னது இதுதான்: “அது பெரிய விஷயம்டா. ஃபாதரைக் கேளு.”

சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். அவன் இன்னும் இரண்டு வாரம் வந்தான். பிறகு வரவில்லை. வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே சிவப்பு மையில் வட்டம் போட்டேன். கூட்டத்தில் வாசிக்கப்பட்டதே ஒரு தாள், அதைப் போன்ற ஒரு தாளில் அந்த வட்டம் இருந்தது. விசுவாசம் குறைந்தவன், கணக்கில் ஒன்று.

ஃபாதரை நானாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ‘ஏம்மா, இதையெல்லாம் ஏன் கேக்குற?’ என்று திருப்பிக் கேட்டுவிடுவாரோ என்று பயம். பதினொரு வருடம் மறைக்கல்வி படித்த, பரீட்சையில் 92 வாங்கிய ஒருத்திக்கு ஒரு கேள்வியைக் கேட்கப் பயம்.

நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணைக் காலத்தில் வீட்டில் அடைந்து கிடந்தபோதுதான் தேடி வாசித்தேன். 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம், தெரிந்தே தன்னுயிரைப் போக்கிக்கொண்டு மனம் திரும்பிய அடையாளம் எதுவும் இல்லாமல் இறந்தவர்களுக்குக் கோயில் அடக்கத்தை மறுத்தது. உண்மைதான். பாட்டிமார்கள் சொன்ன பயங்கரக் கதைகளெல்லாம் அங்கிருந்து வந்தவை. ஆனால் 1983இல் வந்த புதிய சட்டத்தில் அந்தத் தடை இல்லை. 1992இல் வத்திக்கான் வெளியிட்ட மறைக்கல்வி நூல் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. கடும் மனநோயும் தாங்க முடியாத வேதனையும் பயமும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும் என்கிறது. அப்படி இறந்தவர்களின் மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்க வேண்டாம், கடவுளுக்கு மட்டுமே தெரிந்த வழிகள் இருக்கின்றன, திருச்சபை அவர்களுக்காக வேண்டுகிறது என்கிறது. இரண்டு சிறிய பத்திகள். சத்தம் போட்டு வாசித்தால் ஒரு நிமிடம் ஆகாது.

அந்த ஒரு நிமிடம் எங்களிடம் இல்லை. பதினொரு வருட ஞாயிறுகள் இருந்தன.

2023இல் நம் நாடாளுமன்றம் தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய 309ஆவது பிரிவை நீக்கியது. அப்போது எங்கள் பங்கு வாட்ஸப் குழுவில் ஒருவர், அரசாங்கமே பாவத்துக்கு வழிவிடுகிறது என்று எழுதினார். பத்துப் பதினைந்து கைகூப்பல்கள் விழுந்தன. நாட்டுச் சட்டம் மாறுவதற்கு நாற்பது வருடம் முன்பே எங்கள் திருச்சபைச் சட்டம் மாறியிருந்தது. அது எங்கள் நாக்குக்கு இன்னும் வந்து சேரவில்லை. இதற்குப் பெயர் விசுவாசம் என்றால் அந்தப் பையன் போனதே நல்லது.

‘இளைஞர்களுக்காக எவ்வளவு செய்கிறோம், முகாம் வைக்கவில்லையா?’ என்று கேட்பார்கள். வைத்தார்கள். நானும் போயிருக்கிறேன். மூன்று நாள் முகாம். கிதார், டிரம்ஸ், மூன்றாம் நாள் இரவு விளக்கை அணைத்து ஒரு மெழுகுவர்த்தி. மெதுவான இசை. ஒருவர் மைக்கில் உன் காயங்களை இயேசுவிடம் கொடு என்பார். எல்லோரும் அழுவோம். நானும் அழுதேன். அந்த அழுகையைக் கேலி செய்ய மாட்டேன், அதில் சில பேருக்கு நிஜமாகவே ஏதோ இளகியது. ஆனால் திங்கட்கிழமை காலை அதே பள்ளி, அதே வீடு, அதே குடித்துவிட்டு வரும் அப்பா. கேட்க வந்த கேள்வி கண்ணீரில் கரைந்து போயிருக்கும், பதில் வந்திருக்காது. அழாதவன் பாடு இன்னும் மோசம். தூய ஆவி தன்னை மட்டும் தாண்டிப் போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறுவான்.

இப்போது எல்லாப் பங்கிலும் கார்லோ அகுதிஸ் படம். 1991இல் பிறந்து 15 வயதில் ரத்தப் புற்றுநோயில் இறந்த இத்தாலியப் பையன், 2025 செப்டம்பரில் புனிதர் ஆனார். ஜீன்ஸும் காலணியுமாக அசிசியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறார். நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்து இணையத்தளம் செய்தவர். ‘பாருங்க, உங்கள மாதிரியே கம்ப்யூட்டர் பையன்’ என்று காட்டுகிறார்கள். எனக்கு அவர் மேல் மரியாதைதான். பெரிதாகக் கோயில் போகாத பெற்றோருக்குப் பிறந்து, சிறுவயதிலேயே தானாகப் பூசையைத் தேடிப் போனவர். அதுதான் அவரிடம் வியப்பானது. ஜீன்ஸ் இல்லை. உடுப்பைக் காட்டி எங்களைக் கூப்பிடுகிறவர்களுக்கு எங்கள் உடுப்பு மட்டும்தான் கண்ணில் படுகிறது போல.

சாதியைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை நேர்மையானது இல்லை.

என் தோழி ஒருத்தியும் அவள் காதலித்த பையனும் ஒரே பங்கு. இரண்டு பேரும் கத்தோலிக்கர். இரண்டு பேருமே ‘கான்வோ’ முடித்தவர்கள், நீலக் கோப்பில் எல்லாத் தாளும் இருக்கிறது. விஷயம் வீட்டுக்குத் தெரிந்ததும் அவள் அம்மா கேட்ட முதல் கேள்வி: “அவங்க என்ன ஆளுங்க?” கப்பல் ஏறி வந்து நான்கு தலைமுறை. பால் வெட்டியபோது எல்லோருக்கும் ஒரே பிரட்டுக்களம். இன்னும் என்ன ஆளுங்க.

அந்த அம்மாவின் வாட்ஸப் நிலையில் புனித தேவசகாயம் படம் இருந்தது. 1712இல் நட்டாலத்தில் பிறந்து, திருவிதாங்கூர் அரண்மனையில் வேலை பார்த்து, 1745இல் ஞானஸ்நானம் வாங்கி, 1752இல் ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டவர். ஒடுக்கப்பட்டவர்களோடு கலந்து பழகியது அவர்மேல் சொல்லப்பட்ட குற்றங்களில் ஒன்று. 2022 மே 15 அன்று அவரைப் புனிதராக அறிவித்தபோது ‘பிள்ளை’ என்ற சாதிப் பெயர் இல்லாமல்தான் அறிவித்தார்கள். புனிதரின் பெயரிலிருந்தே சாதி கழன்றுவிட்டது. சம்பந்தம் பேசும்போது கழலவில்லை.

கல்யாணம் நடந்தது. பெண்ணின் அம்மா வரவில்லை. கோயிலில் பாதி பெஞ்சு காலி. பங்கில் ஒருவரும் அந்த அம்மாவிடம் போய் ‘இது பாவம்’ என்று சொல்லவில்லை. குடும்ப விஷயம் என்றார்கள். தோழியும் அவள் கணவனும் இப்போது எந்த ஞாயிறும் வருவதில்லை. அந்தத் தாளில் அவர்களும் இருந்திருப்பார்கள், விசுவாசம் குறைந்தவர்கள் பக்கத்தில். அவள் அம்மா ஒரு பூசை தவறுவதில்லை.

இப்படியெல்லாம் வெளியே பேசலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுடைய பயம் எனக்குப் புரியும். நாங்கள் சிறுபான்மையிலும் சிறுபான்மை. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மலேசிய இந்தியர்களில் நூற்றுக்கு 6 பேர் கிறிஸ்தவர்கள், அதில் கத்தோலிக்கர் ஒரு பகுதி. 2009 டிசம்பர் 31 அன்று ‘ஹெரால்டு’ வார இதழ் ‘அல்லா’ என்ற சொல்லைப் பயன்படுத்தலாம் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது எனக்கு 11 வயது. அடுத்த வாரம் சில தேவாலயங்கள் தாக்கப்பட்டன. ஞாயிறு பூசைக்கு வாசலில் போலீஸ் நின்றது நினைவிருக்கிறது. 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் புரட்டியது, 2014இல் கூட்டரசு நீதிமன்றம் அதற்கு மேல் முறையிட அனுமதி மறுத்தது. என் பதின்ம வயது முழுக்க வீட்டில் ஓடிய பேச்சு இது. முற்றுகைக்குள் இருக்கிறவர்கள் வீட்டுக்குள் சண்டை போடக் கூடாது என்று நாங்களே கற்றுக்கொண்டோம். வெளியே எந்தச் சொல்லைச் சொல்லலாம் என்று வழக்காடிய அதே வருடங்களில் உள்ளே எந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது என்று ஒரு பட்டியல் வளர்ந்துகொண்டிருந்தது.

2024 செப்டம்பரில் போப் பிரான்சிஸ் பக்கத்துச் சிங்கப்பூருக்கு வந்தார். அங்கே பல மதத்து இளைஞர்களைச் சந்தித்தபோது வசதிக்குள் ஒடுங்கிக்கிடக்காதீர்கள், தவறு செய்யப் பயந்து நின்றுவிடாதீர்கள் என்ற பொருளில் பேசினார். எங்கள் வாட்ஸப் குழுவில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. எல்லா மதங்களும் கடவுளை நோக்கிய பாதைகள் என்று அவர் சொன்னதை வைத்து இரண்டு வாரம் சண்டை போட்டார்கள். போப் சொன்னது சரியா என்று அறுபது வயதுக்காரர்கள் கேட்கலாம். நரகத்தைப் பற்றிப் பதினாறு வயதுப் பையன் கேட்கக் கூடாது.

‘முன்னோர்கள் கேள்வி கேட்காமல் நம்பினார்கள்’ என்ற பேச்சு ஒன்று இருக்கிறதே, அதுதான் எல்லாவற்றையும்விட எனக்குக் கோபம் வரவழைப்பது. என் பாட்டியை எனக்குத் தெரியும்.

பாட்டி ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். தகரக் கூரைச் சிற்றாலயம், மாதம் ஒருமுறை மோட்டார்சைக்கிளில் வரும் சாமியார். எழுதப் படிக்கத் தெரியாது. செபமாலையின் ஐம்பத்து மூன்று மங்கள வார்த்தை ஜெபமும் மனப்பாடம். வீட்டில் ஒரு சாண் உயரத்துக்கு அந்தோணியார் சுரூபம். தாத்தா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பாட்டி அந்தச் சுரூபத்தை எடுத்துச் சுவர் பக்கமாகத் திருப்பி வைத்தார். “சுவத்தையே பாத்துக்கிட்டு கெட. எம் புருசன் வீட்டுக்கு வரட்டும், அப்புறம் திருப்புறேன்.” தாத்தா வீட்டுக்கு வரவில்லை. அந்தோணியார் ஒரு மாதம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பதாம் நாள் பூசை முடிந்து வந்த அன்று பாட்டி சுரூபத்தைக் கழுவித் துடைத்து முன்பக்கமாகத் திருப்பினார். நான் பக்கத்தில் நின்றேன், எனக்கு ஏழெட்டு வயது. “எனக்கு ஒம்மேல இன்னும் கோவம் தீரல. ஆனா ஒன்ன விட்டா நான் யாருகிட்ட சண்ட போடுறது?”

கேள்வி கேட்காத விசுவாசமா இது? அவர்கள் நடந்த மூன்று மைல் மட்டும் மேடையில் நினைவுக்கு வருகிறது. அந்த மூன்று மைலும் கடவுளைத் திட்டிக்கொண்டே நடந்தார்கள் என்பது வருவதில்லை.

இந்த இதழை வாசிக்கிறவர்கள் ‘இது உங்க கோயில் விவகாரம், நமக்கென்ன’ என்று நகர்ந்துவிட வேண்டாம். உங்களோடும் எனக்குக் கொஞ்சம் வழக்கு இருக்கிறது. இலக்கியக் கூட்டங்களில் இரண்டு வகையான ஆட்களைச் சந்திக்கிறேன். முதல் வகை, “நீங்க கிறிஸ்டியனா? தமிழ் நல்லா எழுதுறீங்களே!” என்று பாராட்டுகிறவர். தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல்களில் ஒன்றான ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் அச்சேறியது, அது கத்தோலிக்க மறைநூல், என்று அவரிடம் சொல்வதற்குள் அடுத்த மேசைக்குப் போய்விடுவார். இரண்டாவது வகை என் வயதுக்காரர். “இவ்ளோ வாசிக்கிறீங்க, இன்னுமா கோயிலுக்குப் போறீங்க?” வாசிப்பு வந்தால் விசுவாசம் போய்விட வேண்டும் என்று இவருக்கு ஒரு சூத்திரம். அந்தப் பெரியவரும் இவரும் ஒரே கட்சி. கேள்வி வந்தால் விசுவாசம் காலி என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடே இல்லை. ஒருவர் கேள்வியை விரட்டுகிறார், மற்றவர் விசுவாசத்தை விரட்டுகிறார்.

இவர்கள் இருவருமே ‘தேம்பாவணி’யைத் திறந்து பார்த்தவர்கள் இல்லை. 1726இல் வீரமாமுனிவர் முடித்த காப்பியம். 36 படலம், 3615 பாடல். சூசையப்பருக்கு அதில் வளன் என்று பெயர். தனக்கு நிச்சயித்த பெண் கருவுற்றிருக்கிறாள் என்று தெரிந்ததும் அவர் மனம் கலங்கியது நற்செய்தியில் சில வரிகளில் கடந்துபோகிற இடம். காப்பியம் அப்படிக் கடந்துபோகவில்லை. ‘ஐயந்தோற்று படலம்’ என்று அதற்குத் தனியாக ஒரு படலம் இருக்கிறது. அதற்கடுத்துத்தான் ‘ஐயநீங்கு படலம்’. சந்தேகம் தோன்றவே ஒரு முழுப் படலம் வேண்டும், அது நீங்குவது அப்புறம் என்று முந்நூறு வருடத்துக்கு முன்பு ஒரு வெளிநாட்டுச் சாமியார் நம் மொழியில் எழுதி வைத்தார். எங்கள் மறைக்கல்விப் புத்தகத்தில் எல்லாமே ஐயம் நீங்கிய படலம்தான். தோன்றவே விடாமல் நீக்கியாகிவிட்டது.

தோமாவை எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு சீடர்களில் காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்று அடம்பிடித்தவர். மயிலாப்பூர் வரை வந்து பரங்கிமலையில் உயிர்விட்டார் என்று தமிழ்க் கத்தோலிக்கர் சொந்தம் கொண்டாடுவதும் அவரைத்தான். சிலுவையில் தொங்கியபோது தன் தந்தை தன்னைக் கைவிட்டுவிட்டாரோ என்று உரக்கக் கேட்டவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவருக்கு யாரும் ஃபாதரைக் கேளு என்று சொல்ல முடியாது, அவர் கேட்டதே அவரைத்தான்.

என் வயதுக்காரர்களையும் சும்மா விட முடியாது. சண்டை போட்டுவிட்டு வெளியேறியவர்கள் மேல் எனக்கு மதிப்பு உண்டு. என் தோழியைப் போல. ஆனால் பெரும்பாலானவர்கள் சண்டையே போடவில்லை. ஒருநாள் எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான். கேட்டால் ‘நான் ஸ்பிரிச்சுவல், ரிலிஜியஸ் இல்ல’ என்கிறார்கள். அது என்ன என்று கேட்டால் தியானச் செயலி ஒன்றைக் காட்டுகிறார்கள். கஷ்டம் வந்தால் செபமாலை, கல்யாணத்துக்குக் கோயில், குழந்தை பிறந்தால் ஞானஸ்நானம், இடையில் ஒன்றுமில்லை. பெற்றோர் கொடுத்த நீலக் கோப்பைத் தூக்கிப் போடவும் இல்லை, திறந்து பார்க்கவும் இல்லை. அலமாரியிலேயே வைத்திருக்கிறோம்.

அப்படியானால் இளையோருக்கு விசுவாசம் எங்கே இருக்கிறது? நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஜூலை மாதம் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழா. கிள்ளானிலிருந்து இரவு பஸ் பிடித்துப் போவோம். லட்சம் பேர் வரை கூடும் திருவிழா. சீனர், தமிழர், யூரேசியர், சபா சரவாக்கிலிருந்து வந்தவர்கள், நேர்த்திக்கடன் செலுத்த வந்த இந்து அம்மாக்கள். போன முறை மெழுகுவர்த்திப் பவனியில் என் பக்கத்தில் நடந்தவள் அந்தத் தோழிதான், ஞாயிறு பூசைக்கே வராதவள். “எதுக்குடி வந்த?” என்றேன். “அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லன்னு கேள்விப்பட்டேன். எங்கிட்ட பேச மாட்டாங்க. அன்னம்மாகிட்டயாச்சும் சொல்லிட்டுப் போலாம்னு.” மாதாவுக்கே அம்மா அல்லவா, அம்மாக்களின் சிக்கல் தெரிந்திருக்கும் என்று சிரித்தாள். மெழுகு கையில் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை. அந்தக் கூட்டத்தில் தாளை வைத்துக்கொண்டு தலை எண்ணியவர் இவளை எந்தப் பத்தியில் எழுதுவார்?

கடைசியாக அந்தப் பையன்.

போன நவம்பர் 2, கல்லறைத் திருநாள். பாட்டி கல்லறைக்குப் பூ வாங்கிக்கொண்டு போயிருந்தேன். மூன்று வரிசை தள்ளி ஒருவன் குந்தி உட்கார்ந்து பழைய பல்துலக்கியால் சிலுவையின் அடியில் பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். தாடி வைத்திருந்தான். அவன்தான் என்னை முதலில் அடையாளம் கண்டான். “அக்கா.” ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையில் வேலை என்றான். பூசைக்குப் போகிறாயா என்று நான் கேட்கவில்லை.

ஆறு வருடம் தள்ளிப்போட்டதை அங்கே வைத்துச் சொன்னேன். 1983, 1992, அந்த இரண்டு பத்தி, எல்லாவற்றையும். பாடம் நடத்துகிற மாதிரி ஆகிவிடுமோ என்று வெட்கமாக இருந்தது. அவன் சுரண்டுவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

“இத அப்பவே சொல்லிருக்கலாம்ல?”

“அப்ப எனக்குத் தெரியாதுடா.”

“தெரியாதுன்னாவது சொல்லிருக்கலாம்.”

நான் ஒன்றும் பேசவில்லை. அவன் கையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டுக் கைப்பேசியை எடுத்தான்.

“அந்தப் பத்தி நம்பர் என்ன சொன்னீங்க? அம்மாவுக்கு அனுப்பணும்.”

“2282, 2283,” என்றேன்.